கரித்துண்டு வைக்காத நண்டுக்கறி

வருசத்தில இரண்டு மாதம் சூரியன் லீவு எடுத்துக்கொண்டு போற ஊர் ஒண்டு நோர்வேயின்ர வடக்கு மூலையில இருக்கு, அந்த ஊரில ஒரு மீன் ஃபக்டரி இருக்கு, அந்த ஃபக்டரியில மீன் வெட்டுறதுக்கெண்டு வந்து சேர்ந்த பதினொரு தமிழ்க் குடும்பத்தில எங்கட குடும்பமும் ஒண்டு, அந்தப் பதினொரு குடும்பத்துக்குள்ள கடலில செத்துப்போன ஒருத்தனுக்கு முப்பத்தேழு நாள் சோறு போட்டவள் நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லேல்லை. பிழை என்னில, அதாலதான் சொல்லுறன்.

மச்சச் சாப்பாடு வீட்டை விட்டு வெளியில போகேக்க, அதுவும் இருட்டுப் படுற மைம்மல் பொழுதில, மூடிக்கு மேல ஒரு கரித்துண்டோ இரும்பாணியோ வைச்சு அனுப்பவேணும், வைக்காட்டில் பசியோட அலையிறது ஏதும் மீன் வாசத்தைப் பிடிச்சுக்கொண்டு பின்னால வந்திடும் எண்டது எங்கட பக்கத்தில பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஊரில விறகடுப்பு, கரிக்குப் பஞ்சமில்லை. இஞ்ச கரண்ட் அடுப்பு, ஒரு சிட்டிகைச் சாம்பல் வராது. அதால இவர் கட்டில் பூட்டினதில மிஞ்சின ஆணி ஒண்டை நான் எடுத்து வைச்சிருந்தனான். அது தினமும் இவரின்ர சாப்பாட்டுக் கரியரோட வேலைக்குப் போய் தினமும் கரியரோட திரும்பி வரும். இவருக்கு அது பெரிய பகிடி. "நோர்வேப் பேய்க்கு எங்கட தூள் உறைக்குமப்பா, கிட்டவும் வராது" எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு பின்னேரம் இவரின்ர போர்மன் ஸ்தைனார் ஒரு ராட்சத நண்டின்ர கால் இரண்டைக் குடுத்து, "உன்ர மனிசி இதை எப்படிச் சமைக்கிறா எண்டு ஒருநாள் நானும் சாப்பிட்டுப் பார்க்கவேணும்" எண்டு சொல்லி விட்டிருந்தவர். வந்து நாலு வருசத்தில ஒரு வெள்ளைக்காரர் எங்கட சாப்பாட்டைக் கேட்டது அதுதான் முதல்தரம். விடுவனோ? அடுத்தநாள் விடிய எழும்பி, தூளைத் திரும்ப ஒருக்கா வறுத்து, புளி கரைச்சு, டின் தேங்காய்ப்பால் விட்டு, மிளகு இடிச்சுப் போட்டு, வீட்டுச் சுவரெல்லாம் மணக்கச் சமைச்சன். கரியரைப் பூட்டுற நேரம் பாத்து எங்கட மகள் சாம்பவியின்ர கையுறையில ஒண்டைக் காணேல்லை. பள்ளிக்கூடத்துக்கு மணியாகுது, நான் வீட்டைத் தலைகீழாக்கித் தேட, இவர் கரியரைத் தூக்கிக்கொண்டு போயிட்டார். ஆணி யன்னல் கட்டில கிடந்தது. மத்தியானமும் பின்னேரமும் ஒரே இருட்டாய் இருக்கிற அந்த மாதத்தில நாள் முழுக்கவே மைம்மல்தான், ஆணி இல்லாமல் போறதுக்கு நல்ல நேரம் எண்டு ஒண்டு இல்லவே இல்லை.

பின்னேரம் மூண்டரைக்கு இவர் வந்தார். நான் கதவைத் திறந்து, "பின்னால ஆரப்பா?" எண்டு கேட்டன். "ஒருத்தரும் இல்லையே" எண்டு திரும்பிப் பாத்தவர் அப்படியே சுவரோட ஒட்டிக்கொண்டார். பத்தொன்பது இருபது வயசுப் பெடியன், நெட்டை, கம்பளிச் சுவெட்டர் போட்டிருந்தான், அதில இருந்து தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. வெளியில மைனஸ் பன்னிரண்டு, அந்தத் தண்ணி மட்டும் உறையேல்லை. வந்தவன் இந்த ஊர்ச் சனம் எல்லாரும் செய்யிற மாதிரி வாசலில சப்பாத்தைக் கழட்டி, சோடியாய் அடுக்கி வைச்சிட்டு, நேரே குசினிக்குள்ள போய் கதிரையில இருந்து கரியரைப் பாத்தான்.

எனக்குப் பயம்தான், பொய் சொல்லேல்லை. ஆனால் வந்து இருந்தவனுக்கு வெறும் மேசையைக் காட்டுறது என்ர பழக்கமில்லை. மிச்சக் கறியையும் சோத்தையும் சூடாக்கிப் போட்டன். கோதை உடைச்சு, உறிஞ்சி, தட்டை வழிச்சுச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடியத் திரும்பவும் கரியரைப் பாத்தான். அண்டையில இருந்து அந்தக் கதிரை அவன்ர கதிரையாய்ப் போச்சு.

அடுத்தநாள் நண்டுக்கறிக்கு நன்றி சொல்ல வந்த ஸ்தைனார் குசினி வாசலில நிண்டு, தலைத்தொப்பியைக் கழட்டினார். பேந்து சொன்னார், "இது ஹால்வர்." ஃபக்டரிக் கன்ரீனில ஒரு பழைய படம் தொங்குது, அறுபத்தொரு வருசத்துக்கு முந்திக் கடலுக்குப் போன ஒரு வள்ளத்தில இருந்த ஐஞ்சு பேர். நாலு பேரின்ர உடம்பு கரைக்கு வந்தது. ஐஞ்சாவது ஆள் எங்கட குசினிக்குத்தான் வந்திருக்கிறான்.

அதுக்குப் பிறகு ஊர் வந்தது. நாலு வருசமாய் கடையில கண்டால் தலையை மட்டும் ஆட்டிப்போட்டுப் போன சனமெல்லாம் கேக்கும் பூவும் கொண்டுவந்து, சப்பாத்தைக் கழட்டி, குசினியில நிண்டு அவனைப் பாத்திட்டு, என்ர கையைப் பிடிச்சு நன்றி சொல்லிட்டுப் போச்சுது. பாதிரியார் வந்து பழைய புத்தகத்தைப் புரட்டி, ஞானஸ்நானம் எடுத்தவன்தான், ஒரு பிரச்சினையும் இல்லையெண்டார். நகரசபையில இருந்து ஒரு பொம்பிளை வந்து, பதிவில இறந்தவர் எண்டு இருக்கிறதால வீட்டில ஆள் கூடினதாய்க் கணக்கில்லை, தரை பழுதாகாமல் இருக்க ரப்பர் விரிப்பு மட்டும் தாறம் எண்டு சொல்லி, மற்றநாளே விரிப்பைக் குடுத்தனுப்பினா. ஃபக்டரியில கிழமைக்கு ஒரு பெட்டி மீன் அவனுக்கெண்டு ஒதுக்கினவை. சாம்பவியின்ர வகுப்புப் பிள்ளையள் இரண்டு இரண்டு பேராய் வரிசையில வந்து அவனைப் படமாய்க் கீறிக்கொண்டு போச்சினம். வந்த கேக் ஒண்டையும் அவன் தொடேல்லை. நான் சமைச்சதைத்தான் திண்டான், புட்டு, சொதி, கத்தரிக்காய்க் கறி, எது வைச்சாலும் திண்டான், எவ்வளவு வைச்சாலும் திண்டான். நான் முதல் கிழமை உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டனான். ஊரே வந்து கையைப் பிடிக்கேக்க ஆருக்குத்தான் கசக்கும்?

இரண்டாம் கிழமை ஒரு காலமை சாம்பவிக்குச் சீப்பெடுத்துத் தலை இழுக்கப் போனால் மயிர் ஈரம். குளிச்சவளோ எண்டு கேட்டன், இல்லையாம். மணந்து பாத்தன், கடற்பாசி மணம். அண்டைக்கு அவள் இடியப்பத்தில கை வைக்கேல்லை.

"பசிக்கேல்லை அம்மா. மாமா சாப்பிடுறார் எல்லோ, எனக்கு வயிறு நிரம்பிட்டுது" எண்டாள்.

ஏழு வயசுப் பிள்ளை. அவன் ஒரு தட்டுத் திண்டால் இவளுக்கு ஒரு நேரப் பசி போயிடும். நெத்தலிப் பொரியலுக்கு அடம் பிடிக்கிறவள் அவனுக்கு முன்னால இருந்து அவன் சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டு தன்ர தட்டைத் தள்ளி வைப்பாள். இருபத்திரண்டு கிலோவாய் இருந்தவள் இருபதாகி, பத்தொன்பதாகி, சட்டை தோளில நிக்காமல் சரியத் தொடங்கிச்சு. டொக்டர் இரத்தம் எடுத்துப் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டார். ஒண்டுமில்லாத பிள்ளையின்ர தலையணை ஒவ்வொரு நாளும் உப்புப் பூத்துக் கிடந்தது.

தமிழாக்களுக்குள்ள திலகேஸ்வரி அக்காதான் முதல் வந்தவ. அவனையும் பாத்து, பிள்ளையையும் பாத்து, என்னையும் மேலையும் கீழையுமாய்ப் பாத்தா.

"யோகம், கரி வைக்காமல் அனுப்பினனியோ?"

"ஆணி வைக்கிறனான் அக்கா. அண்டைக்கு மறந்து போனன்."

"மறக்கிற விசயமே அது. வாறது வீட்டில இருக்கிற இளசைத்தான் பிடிக்கும். திருப்பி அனுப்பு."

"எப்படி அனுப்புறது?"

"வராமல் பண்ணத்தான் எனக்குத் தெரியும், வந்ததை அனுப்பத் தெரியாது. ஊரில ஆருக்கும் இப்படி வந்து கதிரையில இருந்து திண்டதில்லை" எண்டிட்டு அக்கா கொண்டுவந்த வடையைத் திரும்பத் தன்ர கைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு போயிட்டா.

நான் பாதிரியாரிட்டப் போனன், இவரையும் இழுத்துக்கொண்டு. "எங்கட பிள்ளை காயுது, அவனைக் கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டன். அவர் நல்ல மனிசர், கண் கலங்கிச்சு. "அறுபத்தொரு வருசம் கழிச்சு வீட்டுக்கு வந்தவனைப் போ எண்டு நான் எப்படிச் சொல்லுறது?" எண்டு கேட்டார். ஸ்தைனார், "பிள்ளையை எங்கட வீட்டில விடுங்கோ, என்ர மனிசி பாப்பா" எண்டார். விட்டுப் பாத்தம். அவன் எங்கட குசினியில ஒரு கவளம் வாயில வைக்க, அங்க நாலு தெரு தள்ளி சாம்பவி கரண்டியைக் கீழ வைச்சிட்டாளாம். வழியில கண்ட சனமெல்லாம் பிள்ளைக்காக மெத்தச் சரியாய்க் கவலைப்பட்டுது, பிறகு அவன் எப்படி இருக்கிறான் எண்டு விசாரிச்சுது. அவன் அவையின்ர ஆள். அதில நான் என்ன கோவிக்கிறது?

ஒருநாள் அடுப்பு மூட்டாமல் விட்டுப் பாத்தன். நாங்கள் பாண் திண்டம், அவனுக்கு ஒண்டும் வைக்கேல்லை. அவன் குழப்பம் ஒண்டும் பண்ணேல்லை, வெறும் மேசையைப் பாத்துக்கொண்டு இருந்தான். பின்னேரமாகச் சாம்பவியின்ர தலைமயிரால தண்ணி சொட்டு சொட்டாய் விழத் தொடங்கிச்சு, துடைக்கத் துடைக்க விழுந்தது. இவர் துவாயைப் பிழிஞ்சு பிழிஞ்சு கை சிவந்து போய், கடைசியில என்னைப் பாத்து, "சமையப்பா, காலைப் பிடிக்கிறன், ஏதாவது சமை" எண்டார். பகிடி விட்ட வாய்தான் அது. நான் உலையை வைச்சன்.

உள்ளதைச் சொன்னால், அண்டைக்கு அடுப்பு மூட்டாமல் இருந்ததும் எனக்கு நெஞ்சுக்குள்ள குத்தினதுதான். என்ர சின்னண்ணன் ஊரில கடல்நீரேரி கடக்கிறதுக்கெண்டு ஒரு இரவு வள்ளம் ஏறினவன், மறுகரைக்கு வரேல்லை, உடம்பும் வரேல்லை. எந்தக் கரையில எந்தக் குசினியில போய் அவன் இப்படி ஈரத்தோட இருக்கிறானோ, அங்க இருக்கிறவள் சோறு போடுறாளோ, இல்லை அடுப்பை நூத்துப் போட்டு அவனைப் பாத்துக்கொண்டு இருக்கிறாளோ எண்டு நினைச்சால் கை தானாய் அரிசியை அள்ளும். அண்ணனை நினைச்சு அள்ளுற ஒவ்வொரு சுண்டும் பிள்ளையில இருந்து குறையுது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் அள்ளினன். அப்படி ஒரு நிலைமை என்ர எதிரிக்கும் வரக்கூடாது.

முப்பத்தாறாம் நாள் பிள்ளை பதினேழு கிலோ. அண்டைக்குத்தான் எனக்கு ஒண்டு உறைச்சுது. ஊரே வந்து பாத்த இந்தப் பெடியனுக்குச் சொந்தம் எண்டு ஒருத்தரும் வரேல்லையே, ஏன்? ஸ்தைனாரைக் கேட்டன். ஒரு தங்கச்சி இருக்கிறாவாம், போர்கில்ட் எண்டு பேர், எழுபத்தொரு வயசு, துறைமுகத்துக்கு மேல தனியாய் இருக்கிறா, எல்லாரும் போய்க் கூப்பிட்டும் வரமாட்டன் எண்டிட்டாவாம்.

நான் சாம்பவியைத் தூக்கிக்கொண்டு அவவின்ர வீட்டுக்குப் போனன். ஏழு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த ஏத்தம் ஏற எனக்கு மூச்சு வாங்கேல்லை, அவ்வளவு பாரமில்லாமல் இருந்தாள். போர்கில்ட் கதவைத் திறந்தா. எனக்குத் தெரிஞ்ச நோர்வேச் சொல்லை ஒண்டோடொண்டு கோர்த்துச் சொன்னன், "உங்கட அண்ணா என்ர பிள்ளையின்ர பசியைத் திங்கிறார். அவருக்கு ஏன் இவ்வளவு பசி?"

அந்த மனிசி பிள்ளையின்ர ஈரத் தலையைத் தடவிப் பாத்திட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோட வந்தா.

குசினிக்குள்ள வந்து அவனுக்கு முன்னால இருந்தா. அண்ணன் பத்தொன்பது, தங்கச்சி எழுபத்தொண்டு. அவனுக்குச் சொல்லாமல் எனக்குச் சொன்னா. "எனக்குப் பத்து வயசு. அண்டைக்குக் காத்து மோசம். அம்மா இவருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி வாசலில வைச்சிருந்தவ. சாப்பாடு இல்லாமல் கடலுக்குப் போகமாட்டார், நிண்டிடுவார் எண்டு நினைச்சு நான் அதை எடுத்துக் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சன். அவர் தேடிப் பாத்தார். பிறகு சாப்பாடு இல்லாமலே போயிட்டார்."

"அந்தப் பொட்டலம்?" எண்டு கேட்டன்.

"மூண்டாம் நாள் நான்தான் திண்டனான். எனக்குப் பசிச்சது" எண்டா.

எனக்கு அப்பத்தான் வெளிச்சுது. நான் ஒரு விசரி, முப்பத்தாறு நாளாய் அவனுக்கு மேசையில சாப்பாடு போட்டிருக்கிறன். அவன்ர பசி மேசைப் பசியில்லை. கரியரைப் பாத்துக்கொண்டு இருந்தவன், தட்டைப் பாக்கவேயில்லை. கையில கொண்டுபோற சாப்பாடு கிடைக்காமல் வெளிக்கிட்டவனுக்கு வீட்டில இருத்தி வைச்சு எத்தனை வருசம் போட்டாலும் நிரம்பாது.

அடுத்தநாள் விடிய போர்கில்ட் என்ர குசினியில நிண்டு பாண் வெட்டி, பட்டர் பூசி, மீன் ஈரல் வைச்சு, மெழுகுத்தாளில பொட்டலம் கட்டினா. இரண்டுதரம் கட்டு அவிழ்ந்தது, நான் தொடேல்லை, அது அவ கட்டவேண்டிய கட்டு. நான் கரியரின்ர அடித்தட்டில சோறும் இரண்டாம் தட்டில நண்டுக்கறியும் வைச்சன். மேல்தட்டில அவவின்ர பொட்டலத்தை வைச்சுப் பூட்டினம். மூடிக்கு மேல ஆணி வைக்கேல்லை. வழித்துணைக்கு என்ன வந்தாலும் வரட்டும், அவன் தனியாய்ப் போறவன். ஆணியைச் சாம்பவியின்ர சட்டைப் பொக்கற்றுக்குள்ள போட்டு ஊசி குத்தினன்.

தங்கச்சி கரியரை நீட்ட, ஹால்வர் எழும்பினான். முப்பத்தேழு நாளில அவன் தானாய் எழும்பினது அதுதான் முதல்தரம். கரியரை வாங்கிக்கொண்டு, வாசலில சப்பாத்தைப் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டினான். ஊர் முழுக்க ரோட்டின்ர இரண்டு பக்கமும் நிண்டது, ஃபக்டரியை நிப்பாட்டிப் போட்டு எல்லாரும் வந்து நிண்டவை, ஸ்தைனார் அழுதுகொண்டு நிண்டார். நான் வாசலில நிண்டன். எங்கட வழக்கத்தில வெளிக்கிடுற ஆளைப் போ எண்டு சொல்லக்கூடாது, போட்டு வாங்கோ எண்டுதான் சொல்லவேணும். அந்தச் சொல் என்ர நாக்கு நுனியில வந்திட்டுது, அதைச் சொன்னால் என்ன நடக்கும் எண்டு நினைச்சு, இரத்தம் வரப் பல்லால நாக்கைக் கடிச்சுக்கொண்டு நிண்டன்.

எனக்குப் பின்னால இருந்து சாம்பவி சொன்னாள், "போட்டு வாங்கோ மாமா."

அவன் திரும்பி அவளைப் பாத்தான். தலையை ஒருக்கா ஆட்டினான், சரியெண்டு சொல்லுறவன் மாதிரி. பிறகு துறைமுகத்து ஜெட்டியடிக்கு நடந்து, படியில இறங்கி, கரியரைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, நனையாமல் அதைக் காப்பாத்திக்கொண்டு தண்ணிக்குள்ள போனான். கடைசியாய் மறைஞ்சது என்ர எவர்சில்வர் கரியர்தான்.

அண்டைக்குப் பின்னேரம் சாம்பவி, "அம்மா பசிக்குது" எண்டாள். நான் குசினி நிலத்தில இருந்து அழுதன். மூண்டு முட்டை, ஒரு தட்டுப் புட்டு, நேத்தையான் சொதி, ஒண்டும் மிச்சமில்லை. ஆனால் நித்திரை வரேல்லை எனக்கு. சொல்லியாச்சே, அவனும் தலையாட்டியாச்சே. காலமை எழும்பினால் முதல் வேலை பிள்ளையின்ர தலையைத் தடவிப் பாக்கிறது. இவர் வேலையால வரேக்க இவரைப் பாக்காமல் இவருக்குப் பின்னால பாப்பன். குழந்தைப் பிள்ளை மரியாதைக்குச் சொன்னதுதானே எண்டு இவர் சொல்லுவார், சொல்லிப்போட்டுத் தானும் ஒருக்காத் திரும்பிப் பாப்பார்.

சூரியன் லீவு முடிஞ்சு முதல் முதலாய் மலைக்கு மேல தலையைக் காட்டின அண்டைக்கு, ஸ்தைனார் என்ர கரியரைக் கொண்டுவந்து மேசையில வைச்சார். ஜெட்டிப் படியில இருந்ததாம், கடைசிப் படியில நேராய் நிமிர்த்தி வைச்சபடி. மூடியைத் திறந்தன். மூண்டு தட்டும் கழுவித் துடைச்சிருந்தது, ஒரு பருக்கை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. வாங்கின பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் குடுக்கக்கூடாது எண்டது எங்கட வழக்கம் மட்டுமில்லைப் போல. மேல்தட்டில ஒரு கரித்துண்டு இருந்தது, வள்ளத்து அடுப்பில எரிஞ்சு மிஞ்சின பழங்கரி, நல்லாய்க் காய்ஞ்சு கறுப்பாய், என்ர உள்ளங்கை அளவு.

சொன்னபடி அவன் வந்து போயிட்டான். இனி வரமாட்டான், வேற ஒருத்தரையும் வர விடவும் மாட்டான். திலகேஸ்வரி அக்கா அதில ஒரு சில்லு உடைச்சுத் தரச் சொல்லிக் கேட்டவ, குடுத்தனான். மற்றத் தமிழ் வீடு எல்லாத்துக்கும் ஒவ்வொரு சில்லுக் குடுத்தனான், போர்கில்டுக்கும் ஒண்டு. மிச்சம் என்னட்ட இருக்கு. ஆணியை எறிஞ்சிட்டன். சாம்பவி இப்ப இருபத்தாறு கிலோ, நெத்தலிக்கு அடம் பிடிக்கிறாள்.

நண்டு சமைக்கிற நாளில மட்டும், கரியரைப் பூட்டிப் போட்டு அந்தக் கரியை எடுத்து மூடிக்கு மேல வைக்கேக்க என்ர கை ஒருக்கா நிக்கும். இதை வைக்காமல் விட்டால் ஒருவேளை என்ர சின்னண்ணன் வருவானோ எண்டு நிக்கும். உள்ளுக்குப் பிள்ளை இருக்கிறாள், அதால வைச்சிடுவன். ஆனால் அவன் வெளிக்கிட்ட அண்டைக்கு நான்தான் குசினியில நிண்டனான், அவன் வாசலில நிண்டு கொஞ்சநேரம் என்னைப் பாத்ததும் ஞாபகம் இருக்கு, அவனுக்கு நான் சாப்பாடு கட்டிக் குடுத்தனானோ இல்லையோ எண்டதுதான் எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வருகுதில்லை.